வெட்டினால் விளையாட்டு... வெட்டாவிட்டால் விலை!

காகிதப் பொம்மை சேகரிப்பவர்களின் தனி உலகம்

நனைந்தால் போச்சு, கசங்கினால் போச்சு, மின்விசிறியைப் போட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். விளையாட்டுச் சாமான்களிலேயே அற்பாயுசு காகிதப் பொம்மைக்குத்தான். ஆனால், அமெரிக்காவில் 1930களில் 10 சென்ட்டுக்கு விற்ற காகிதப் பொம்மைப் புத்தகங்களைத் தேடி இன்றைக்கும் ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாட்டிமார் உண்டு, ஃபேஷன் ஓவியர்கள் உண்டு, சினிமாப் பைத்தியங்கள் உண்டு. ஆண்களும் கணிசமாக உண்டு.

காகிதப் பொம்மை என்றால் என்ன? கொஞ்சம் கனமான அட்டையில் அச்சான ஓர் உருவம். பெரும்பாலும் உள்ளாடையோடோ நீச்சல் உடையோடோ நிற்கும். அடுத்தடுத்த பக்கங்களில் அதற்கான கவுன், கோட்டு, தொப்பி, கைப்பை எல்லாம் மெல்லிய தாளில் வண்ணமாக இருக்கும். ஒவ்வோர் உடையின் தோளிலும் இடுப்பிலும் சின்னச் சின்ன வெள்ளைக் காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். கத்தரிக்கோலை எடுத்து, காதை நறுக்கிவிடாமல் ஓரத்தோடு வெட்டி, பொம்மையின் மேல் வைத்துக் காதுகளைப் பின்னால் மடித்தால் உடை மாட்டியாயிற்று. ஐந்து வயதுக் குழந்தைக்கு இதைவிடப் பெரிய கைவேலைப் பரீட்சை கிடையாது.

சேகரிப்பவர்களின் தலைவேதனையும் இந்தக் கத்தரிக்கோலில்தான் ஆரம்பிக்கிறது. அவர்கள் சந்தையில் முழு விலை, வெட்டாத புத்தகத்துக்கு மட்டும்தான். வெட்டிய செட்டில் ஒரு தொப்பிகூடக் குறையாமல் இருந்தாலும் ஏறக்குறைய பாதி விலைதான் பேசுவார்கள். காது அறுந்திருந்தால், கழுத்து மடிந்திருந்தால் அதற்கும் கீழே. அதாவது, வெட்டுவதற்கென்றே செய்த ஒரு பொருள், வெட்டாமல் இருந்தால்தான் மதிப்பு. எந்தக் குழந்தையும் தொடாத பொம்மைதான் சந்தையில் உசத்தி!

இந்த முரண்பாட்டை வைத்துக்கொண்டு ஒரு சமூகமே எப்படி இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்பதுதான் இந்தக் கதை.

ஒரு தலை, ஏழு உடல்

18ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரீஸில் 'பாந்தேன்' என்றொரு மோகம் கிளம்பியது. கை, கால், உடல் எல்லாம் தனித்தனியாக வெட்டிக் கோத்த காகித ஆட்டப் பொம்மை. நூலை இழுத்தால் கை காலை உதறும். குழந்தைகளைவிடப் பிரபுக்களும் சீமாட்டிகளும்தான் இதைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

உடை மாற்றும் பொம்மைக்குப் பெயர் வாங்கித் தந்தது லண்டன். ராத்போன் பிளேஸில் 'டெம்பிள் ஆஃப் ஃபேன்ஸி' என்ற கடை வைத்திருந்த எஸ். அண்ட் ஜே. ஃபுல்லர் நிறுவனம், 1810இல் 'தி ஹிஸ்டரி ஆஃப் லிட்டில் ஃபேனி' என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டது. செய்யுளில் ஒரு நீதிக் கதை. அதோடு ஏழு உருவங்கள், ஆனால் தலை ஒன்றே ஒன்று. கதை நகர நகர, அந்தத் தலையை எடுத்து அடுத்த உடலில் செருக வேண்டும். பகட்டுக்காரச் சிறுமி ஃபேனி, முதல் படத்தில் கையில் பொம்மையோடு நிற்கிறாள். தன் திமிரால் நல்ல உடை பறிபோய்ப் பிச்சை எடுக்கிறாள், எடுபிடி வேலை செய்கிறாள், கடைசியில் கையில் புத்தகத்தோடு அடக்கமாக வீடு திரும்புகிறாள். நீதியைப் படித்துவிட்டு எத்தனை குழந்தைகள் திருந்தினார்களோ தெரியாது; தலையைக் கழற்றி மாட்டுகிற வேலையில் மட்டும் சொக்கிப்போயிருப்பார்கள். அதே வருடம் பையன்களுக்காக 'லிட்டில் ஹென்றி' வந்தான். 1812இல் பாஸ்டனில் ஜே. பெல்ச்சர் அவனை அமெரிக்கப் பதிப்பாக்கினார்.

அதற்குப் பிறகு ஆள் மாறிக்கொண்டே இருந்தது. பாலே நடனக்காரி மரீ தாலியோனி, பாடகி ஜென்னி லிண்ட் என்று அந்தக் காலத்து நட்சத்திரங்கள் காகிதத்தில் இறங்கினார்கள். நியூயார்க்கின் மெக்லாக்லின் பிரதர்ஸ், பணக்கார வீட்டுச் சாமானாக இருந்த காகிதப் பொம்மையைச் சில காசுகளுக்கு எல்லா வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். லண்டனில் ரஃபேல் டக் நிறுவனம் வண்ண அச்சில் அதை ஓவியமாக்கியது. நூல்கண்டுக் கம்பெனியும் காபித்தூள் கம்பெனியும்கூடப் பொட்டலத்தோடு பொம்மை கொடுத்தன.

1859 நவம்பரில் 'கோடீஸ் லேடீஸ் புக்' என்ற பெண்கள் பத்திரிகை காகிதப் பொம்மைப் பக்கம் வெளியிட்டது. அமெரிக்கப் பத்திரிகையில் இதுதான் முதல் தடவை. உடைகளைக் குழந்தைகளே வண்ணம் தீட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். பாதி வேலை பத்திரிகைக்கு, மீதி வேலை வாசகிக்கு. காகிதப் பொம்மையின் பிற்காலச் சரித்திரம் முழுவதும் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நடந்திருக்கிறது.

பத்து சென்ட் பொற்காலம்

20ஆம் நூற்றாண்டு பிறந்ததும் பத்திரிகைகள் போட்டி போட்டன. 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' 1908இல் ஷீலா யங் வரைந்த லெட்டி லேனை அறிமுகப்படுத்தியது. லெட்டி தனியாக வரவில்லை. வீட்டார் ஒவ்வொருவராகப் பின்னாலேயே வந்தார்கள். அடுத்த மாதம் யார் வருவார் என்று காத்திருக்கும் தொடர்கதை ருசி அதில் இருந்தது. 1913இல் 'பிக்டோரியல் ரெவ்யூ'வில் வந்த குண்டுக் கன்னக்காரி டாலி டிங்கிளை வரைந்தவர் கிரேஸ் டிரேட்டன். கேம்ப்பெல் சூப் விளம்பரக் குழந்தைகளும் இவர் கைவண்ணம்தான்.

சேகரிப்பாளர்கள் 'பொற்காலம்' என்று சொல்வது 1930களிலிருந்து 1950கள் வரை. பொருளாதாரப் பெருமந்தத்தில் பீங்கான் பொம்மை வாங்கக் காசில்லை. 10 சென்ட் கொடுத்தால் ஒரு பொம்மைப் புத்தகம் கிடைத்தது. அதற்கும் வழியில்லாத வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளின் காமிக்ஸ் பக்கமும், சியர்ஸ் கம்பெனியின் பழைய கேட்டலாக்கும் இருந்தன. கேட்டலாக்கில் கோட்டுப் போட்டு நிற்கும் பெண்ணை வெட்டி எடுத்தால் அவள்தான் அம்மா. ரெயின்கோட் விளம்பரத்துப் பையன் தம்பி. நாற்காலிப் பக்கத்திலிருந்து வீட்டுச் சாமான். உலகப் போர் வந்து, உலோகமும் ரப்பரும் யுத்தத்துக்குப் போனபோது பொம்மைக் கடைகள் காற்றாடின. காகிதப் பொம்மை மட்டும் ராணுவச் சீருடையும் நர்ஸ் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

விஸ்கான்சின் மாநிலம் ரசீனில் விட்மன், ஒஹாயோவின் ஆக்ரனில் சால்ஃபீல்ட், சிகாகோவில் மெரில். சேகரிப்பாளர்கள் அட்டையைப் பார்த்தே இவர்களில் யாருடைய அச்சு என்று சொல்லிவிடுவார்கள். சினிமா கம்பெனிகளிடம் அனுமதி வாங்கி, நட்சத்திரங்களைப் பொம்மையாக்கினார்கள். 1934இல் சால்ஃபீல்ட் வெளியிட்ட குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள், 1940இல் மெரில் வெளியிட்ட 'கான் வித் தி விண்ட்' ஆகியவை இன்றும் ஏலத்தில் கை உயர்த்த வைப்பவை. ஜூடி கார்லண்ட், எலிசபெத் டெய்லர், மர்லின் மன்றோ எல்லாருக்கும் காகிதப் பிரதி உண்டு. தியேட்டரில் தூரத்தில் ஜொலித்தவளுக்கு வீட்டில் நாமே உடை தேர்ந்தெடுக்கலாம் என்றால், 10 சென்ட் அதிகமா?

வாசகி தைத்த சட்டை

எல்லாக் காகிதப் பொம்மைகளிலும் சேகரிப்பாளர்களுக்குத் தனிப் பாசம் ஒருத்தி மேல். ஆர்ச்சி காமிக்ஸ் நிறுவனத்துக்காக பில் வோகன் 1945இல் உருவாக்கிய கேட்டி கீன். சினிமா நடிகை, மாடல் அழகி. காமிக்ஸ் கதை நடுவே அவளுக்குக் காகித உடைகள் வரும். அந்த உடைகளை வடிவமைத்தவர்கள் வாசகர்கள்! சின்ன ஊரில் உட்கார்ந்து ஒரு சிறுமி பென்சிலில் கவுன் வரைந்து தபாலில் அனுப்புவாள். தேர்வானால் வோகன் அதைத் திருத்தி வரைந்து, பக்கத்திலேயே அவள் பெயரையும் ஊரையும் போடுவார். உடையோடு நிற்கவில்லை, தலையலங்காரம், கார், வீடு என்று எதையும் அனுப்பினார்கள். தன் பெயர் அச்சில் வந்த ஒரு காமிக்ஸை எந்தக் குழந்தையாவது தூக்கி எறியுமா? சேகரிப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. வெளியீடு நின்ற பிறகும் ரசிகர்கள் மறக்கவில்லை. 1980களில் ஆர்ச்சி நிறுவனம் அவளை மறுபடி கொண்டுவந்தது.

இன்னொரு பக்கம் ஜாக்கி ஓர்ம்ஸ். அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் கார்ட்டூனிஸ்ட் என்று போற்றப்படுபவர். 1950 முதல் 1954 வரை 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகையில் அவர் வரைந்த 'டார்ச்சி' தொடரோடு 'டார்ச்சி டாக்ஸ்' என்ற காகிதப் பொம்மைப் பகுதியும் வந்தது. அதற்கு முன்பெல்லாம் கறுப்பினத்தவர் காகிதத்தில் வந்தால் வேலைக்காரியாகவோ கேலிச் சித்திரமாகவோதான் வருவார்கள். 1863இல் மெக்லாக்லின் வெளியிட்ட 'டாப்ஸி' ஒரு சாட்சி. டார்ச்சியோ நாகரிக உடையில், தலை நிமிர்ந்து, தன் காதலையும் வேலையையும் தானே தீர்மானிப்பவளாக வந்தாள். 1960களின் கடைசியில் தொலைக்காட்சியில் டயான் கரோல் நர்ஸாக நடித்த 'ஜூலியா'வும் பொம்மைப் புத்தகமானது. இவற்றைத் தேடிச் சேர்த்த அராபெல்லா கிரேசனின் தொகுப்பு கண்காட்சியாகவே வைக்கப்பட்டது. டாப்ஸியையும் டார்ச்சியையும் ஜூலியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு நாடு ஓர் இனத்தைப் பார்த்த பார்வை எப்படி மாறியது என்று ஒரு மேஜையிலேயே தெரிந்துவிடும். சேகரிப்பாளர் இல்லாவிட்டால் அந்தச் சாட்சியம் குப்பைக்குப் போயிருக்கும்.

பத்திரிகைப் பொம்மைகளில் பெரும்புகழ் பெட்சி மெக்காலுக்கு. 'மெக்கால்ஸ்' பத்திரிகையின் 1951 மே இதழில் கே மோரிசி வரைந்த பெட்சி, தன் நாய்க்குட்டியோடு வந்து இறங்கினாள். பத்திரிகை அம்மாவுக்கு; பெட்சி பக்கம் பெண்ணுக்கு. அம்மா படித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கப் பொறுமையில்லாமல் பக்கத்தை வெட்டிவிட்டு, பின்பக்கத்துச் சமையல் குறிப்பு பாதி போனதற்கு வாங்கிக் கட்டிக்கொண்ட பெண்கள் எத்தனை பேரோ!

கழுத்தைப் பார், காதைப் பார்

வெட்டிய பொம்மை ஒன்று கைக்கு வந்தால், அனுபவசாலி முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, கழுத்தைப் பார்க்கிறார். உடை மாற்றும்போது விரல்கள் பிடிக்கிற இடம் அதுதான். அட்டையில் மிகக் குறுகலான இடமும் அதுதான். கழுத்து போகும், அடுத்தது கணுக்கால். திருப்பினால் பின்பக்கம் செலோடேப் ஒட்டியிருக்கும். டேப் எப்போதோ உரிந்து போயிருக்கும். பசை மட்டும் பழுப்புக் கறையாக உட்கார்ந்திருக்கும். சில பொம்மைகளில் கழுத்துக்கு முட்டுக் கொடுத்து ஒரு தீக்குச்சி.

அடுத்து, உடைகளின் காதுகள். மடித்து மடித்து அச்சு உதிர்ந்து, வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். ஒரு செட்டில் எந்த உடையின் காது அதிகம் நைந்திருக்கிறதோ, அதுதான் அந்தக் குழந்தைக்கு உயிர். கல்யாண கவுனைவிட ஒரு சாதாரணக் கட்டம் போட்ட ஃபிராக் நைந்திருப்பதைப் பார்க்கும்போது, முகம் தெரியாத அந்தச் சிறுமி சட்டென்று பக்கத்தில் வந்துவிடுகிறாள். உடைகளின் பின்னால் எந்தப் பொம்மைக்கு எது என்று பென்சிலில் கோணல்மாணலாக எழுதியிருக்கும். அச்சான உடைகளுக்கு நடுவே, நோட்டுப் புத்தகத் தாளில் பொம்மையை வைத்து ஓரம் வரைந்து, மெழுகு பென்சிலால் தீட்டிய சொந்த உடை ஒன்றும் கிடக்கும். விலைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. பெட்டியைத் திறந்ததும் பலர் கண் தேடுவது அதைத்தான்.

காகிதப் பொம்மைகளைக் கையால் செய்தவர்களில் பெரிய மனிதர்களும் உண்டு. நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் மனைவி செல்டா, மகள் ஸ்காட்டிக்காகத் தங்கள் குடும்பத்தையே பொம்மையாக வரைந்தார். பிறகு மூன்று துப்பாக்கி வீரர்கள், ஆர்தர் அரசவை என்று நீண்டது. பேத்தி எலினார் லனஹன் அவற்றைத் தொகுத்த புத்தகம் 2022இல் வெளிவந்தது. கவிஞர் சில்வியா பிளாத், பள்ளிப் பருவத்தில் வரைந்து குவித்த பொம்மைகளும் உடைகளும் கவிதைக் கையெழுத்துப் பிரதிகளோடு ஆவணமாகப் பாதுகாக்கப்படுகின்றன. டெலவேரில் உள்ள விண்டர்தர் நூலகத்தின் மேக்சின் வால்ட்ரன் தொகுப்பு, காகித விளையாட்டுப் பொருள்களுக்கென்றே பெயர் பெற்றது. ஒஹாயோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சால்ஃபீல்ட் நிறுவனத்தின் ஆவணங்கள் இருக்கின்றன. தனி ஆட்கள் அட்டைப் பெட்டியில் காப்பாற்றி வைத்ததற்குப் பல்கலைக்கழகங்கள் பின்னால் வந்து அலமாரி கொடுத்தன என்பதே சரி.

பார்பி தள்ளியது, டியர்னி தூக்கியது

1959இல் பார்பி வந்தாள். நிஜத் துணி, நிஜ ஜிப். கூடவே வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி. காகிதப் பொம்மை மெல்ல ஒதுங்கியது. வேடிக்கை என்னவென்றால், 1960களின் தொடக்கத்திலேயே பார்பியும் காகிதப் பொம்மையாக அச்சாகிவிட்டாள்! ஆனாலும் பழைய மவுசு திரும்பவில்லை. 1977இல் சால்ஃபீல்ட் கடையை மூடியது.

அதற்குச் சில வருடங்கள் முன்புதான், டெக்சாஸில் பிறந்து நியூயார்க்கில் ஃபேஷன் ஓவியராக இருந்த டாம் டியர்னி, அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக 1930களின் சினிமா நட்சத்திரங்களைக் காகிதப் பொம்மைகளாக வரைந்து கொடுத்தார். அது 1974இல் 'தர்ட்டி ஃப்ரம் தி தர்ட்டீஸ்' என்ற புத்தகமானது. அப்புறம் டோவர் பதிப்பகத்துக்காக அவர் நிற்கவே இல்லை. நடிகைகள், அமெரிக்க அதிபர் குடும்பங்கள், போப் இரண்டாம் ஜான் பால், நூற்றாண்டு வாரியாக உடை வரலாறு என்று, 2014இல் இறப்பதற்குள் 400க்கும் மேற்பட்ட புத்தகங்கள். அவற்றை வாங்கியவர்களில் பெரியவர்களே அதிகம். சிறு வயதில் வெட்டியவர்கள், இப்போது வெட்டாமல் வைத்துக்கொள்ள வாங்கினார்கள்.

1984இல் காகிதப் பொம்மை ஓவியர்களுக்கென்று 'ஒரிஜினல் பேப்பர் டால் ஆர்ட்டிஸ்ட்ஸ் கில்ட்' என்ற அமைப்பு உருவானது. அதன் பத்திரிகையில் இதழுக்கு ஒரு தலைப்பு அறிவிப்பார்கள். கைதேர்ந்தவர், கற்றுக்குட்டி எல்லாரும் அந்தத் தலைப்பில் வரைந்து அனுப்பலாம். கேட்டி கீனுக்குக் கவுன் அனுப்பிய சிறுமியின் அதே பழக்கம், வயதான பிறகும் விடவில்லை.

மாநாடுகளும் அப்படித்தான். வருடத்துக்கு ஓர் ஊர், ஒரு தலைப்பு. ஓட்டல் கூடத்தில் விற்பனை மேஜைகள், கண்காட்சி, போட்டி, நினைவுப் பரிசாக ஓவியர்கள் புதிதாக வரைந்து தரும் பொம்மைகள். தலைப்புக்கேற்ப வேஷம் கட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. எல்லாவற்றிலும் ருசியான வேலை, தொலைந்த துண்டுகளைத் தேடுவது. ஒருவரிடம் ஷூ இருக்கும், பொம்மை இருக்காது. இன்னொருவரிடம் பொம்மை இருக்கும், ஷூ இருக்காது. பிளாஸ்டிக் உறையில் நாலைந்து அநாதைத் தொப்பிகளைப் போட்டுக்கொண்டு மேஜை மேஜையாகப் போய்ப் பொருத்திப் பார்ப்பார்கள். முழுமையான செட் வைத்திருப்பவர் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம். குறை உள்ளவர்தான் நாலு பேரிடம் பேசியாக வேண்டும். சிநேகம் அங்கேதான் வளர்கிறது.

காகிதத்துக்கு உடை மாட்டுகிற ஆசை மேற்குக்கு மட்டும் சொந்தமில்லை. ஜப்பானில் 'கிசெகாயே' என்ற பெயரில் சிறுமியர் பத்திரிகைகளில் உடை மாற்றும் பொம்மைகள் வந்தன. 1991இல் அந்த விளையாட்டு அதே பெயரில் கணினிக்கு வந்தது. இன்று போனில் உடை மாற்றி விளையாடும் ஆட்டங்களுக்கு இது முன்னோடி. நம் பக்கம், ரவிவர்மா அச்சுப் படத்து லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் நிஜத் துணியில் சேலை ஒட்டி, ஜரிகையும் சம்கியும் வைத்துக் கண்ணாடி போட்ட படங்கள் செட்டிநாட்டு வீடுகளில் உண்டு. கொலுவுக்கு முந்தின நாள் மரப்பாச்சிக்குப் பட்டுத் துண்டு சுற்றிய கைக்கு, காகிதப் பொம்மையின் ஆசை சொல்லிக்கொடுக்காமலே புரியும்.

வைத்துக் காப்பது எப்படி?

* மலிவு மரக்கூழ்த் தாள் தானாகவே பழுப்பேறும். வெயில் பட்டால் வேகமாகப் பழுப்பேறும். அதனால் சுவரில் மாட்டாதீர்கள். இருட்டான, ஈரம் இல்லாத அலமாரியே சரி.

* அமிலம் இல்லாத தாளோ அட்டையோ நடுவே வைத்து, பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். பிவிசி உறை வேண்டாம்.

* லேமினேஷன் கூடவே கூடாது. பிறகு பிரிக்க முடியாது.

* கிழிந்ததை செலோடேப்பால் ஒட்டாதீர்கள். கிழிசலை அப்படியே உறையில் விடுவது நல்லது.

* ரப்பர் பேண்ட், குண்டூசி, ஸ்டேப்ளர் மூன்றுக்கும் தடை.

* மடிந்த காதுகளை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்க்காதீர்கள். அடுத்த தடவை அறுந்துவிடும்.

* வெள்ளிப்பூச்சிக்குப் பழைய பசையும் தாளும் விருந்து. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள்.

சரி, வெட்டுவதா, வேண்டாமா?

வெட்டாத புத்தகம் அச்சின் சரித்திரம். எந்த ஓவியர், என்ன வண்ணம், எத்தனை பக்கம், அன்றைய ஃபேஷன் என்ன என்று துல்லியமாகச் சொல்லும். கடையில் விற்காமல் தேங்கிய சரக்காகவோ, யாருக்கும் கொடுக்காமல் மறந்த பரிசாகவோ இருந்ததால்தான் அது தப்பியது. வெட்டிய செட் விளையாட்டின் சரித்திரம். ஒரு குழந்தை என்ன விரும்பியது, எதை மாற்ற நினைத்தது, எங்கே கத்தரிக்கோல் வழுக்கியது என்பதை வேறெந்த ஆவணமும் சொல்லாது. வியாபாரிக்கு முதலாவது போதும். இரண்டையும் வைத்துக்கொள்பவரைத்தான் நல்ல சேகரிப்பாளர் என்பேன்.

நடைமுறையில் இதற்குச் சுலபமான வழியைக் கண்டுபிடித்தும் விட்டார்கள். அசலைப் பெட்டியில் வைத்துவிட்டு, கலர் நகல் எடுத்து நகலை வெட்டுகிறார்கள். அருமையான பழைய செட்டுகள் மறுபதிப்பாகவும் கிடைக்கின்றன. புதுப் புத்தகமாக இருந்தால் இரண்டு பிரதி வாங்குவது வழக்கம்: ஒன்று பெட்டிக்கு, ஒன்று கத்தரிக்கோலுக்கு.

ஒரு பிரதிதான் வாங்க முடிகிறது, வீட்டிலோ ஆறு வயதுப் பெண் ஒருத்தி பக்கத்திலேயே நின்று பார்க்கிறாள் என்றால் ரொம்ப யோசிக்காதீர்கள். அவளிடமே கொடுத்துவிடுங்கள். பாதி விலை போகும், பரவாயில்லை. கத்தரிக்கோல் மட்டும் முனை மழுங்கியதாக இருக்கட்டும்.